பராக்கு

சிறு பிள்ளைகள் ஒப்புரவு அருட்சாதனத்திற்கு வரும்போது சொல்லும் பாவங்கள் எந்தப் பங்கிலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். அம்மா சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, தங்கையை அடித்தேன், பொய் சொன்னேன், பூசையில் பராக்காயிருந்தேன். இந்தப் பட்டியலில் எவருடைய இரகசியமும் இல்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான பாடம் அது. நாமும் ஏழெட்டு வயதில் அதையே ஒப்பித்தவர்கள்தாம். கடைசியாக வரும் அந்தப் 'பராக்கு' என்ற சொல்லை எமக்குக் கற்றுத் தந்தவர் பாட்டி. உடல் கோவிலில் இருக்க, மனம் வெளியே புளியமரத்தடியில் அலைவதற்கு அவர் வைத்திருந்த பெயர் அது. பின்னர் குருமடத்தில் சேர்ந்தபோதும் அதே எதிரி எம்மைத் தொடர்ந்தான். தியானத்தில் பராக்கு, செபமாலையில் பராக்கு, மறையுரையைக் கேட்கையில் பராக்கு. அவனை வெல்வதற்கே ஆன்ம குருக்கள் எமக்கு ஆண்டுக்கணக்கில் பயிற்சி தந்தார்கள்.

ஆனால் அதே பாட்டி, அடுக்களை வாசலில் அமர்ந்து எம் தம்பிக்குச் சோறூட்டும்போது அதே சொல்லை வேறு விதமாகச் சொல்வார். "பிள்ளைக்குப் பராக்குக் காட்டு, அப்பத்தான் ரெண்டு வாய் இறங்கும்" என்பார். காக்கை வரும், நிலா வரும், தெருவில் போகும் மாட்டுவண்டியும் வரும். கோவிலில் பாவமாயிருந்த பராக்கு, திண்ணையில் தாய்மையாயிருந்தது. இந்த இரண்டும் ஒரே சொல்தானா என்று நாம் எண்ணிப் பார்க்க நாற்பது வயதுக்கு மேல் ஆயிற்று. எண்ண வைத்தவன் ஒரு சிறுவன்.

அது 2012-ஆம் ஆண்டு. தென்காசி அப்போது தனி மாவட்டமாகவில்லை; அது நடந்தது 2019-இல். திருநெல்வேலி மாவட்டத்தின் ஒரு பகுதியாயிருந்த அவ்வட்டாரத்தில் ஒரு பங்கின் பொறுப்பில் நாம் இருந்தோம். அவ்வாண்டு கோடையின் இறுதியில் தென்காசிக்கு வடக்கே உள்ள கடையநல்லூரிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் டெங்குக் காய்ச்சல் தலைவிரித்தாடியது. தமிழகம் முழுவதிலும் அந்த ஆண்டு 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை அந்நோய் பிடித்தது. அதில் முதலில் அடிபட்ட பகுதிகளுள் ஒன்று எம் பகுதி. வீட்டுக்கு வீடு குடங்களிலும் தொட்டிகளிலும் தண்ணீரைப் பிடித்துச் சேர்த்து வைக்கும் ஊர்கள் இவை. தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள இடத்தில் வேறு என்ன செய்வது? அந்த நல்ல தண்ணீரில்தான் பகலில் கடிக்கும் கொசு முட்டையிட்டது. நிலவேம்புக் குடிநீர் என்ற பெயர் அந்த ஆண்டில்தான் எம் ஊர்களில் எல்லார் வாயிலும் புழங்கத் தொடங்கிற்று.

டெங்குவில் பெரியவர்களுக்குக் காய்ச்சல் பெரிய துன்பம். பிள்ளைகளுக்கோ ஊசி அதைவிடப் பெரிய துன்பம். இரத்தத்தில் தட்டணுக்கள் ஒன்றரை இலட்சத்திற்குக் கீழே இறங்கத் தொடங்கினால், நாள்தோறும் எண்ணிப் பார்க்க வேண்டும். சில நாள்களில் காலையும் மாலையும் பார்க்க வேண்டும். காய்ச்சல் தணியும் நாள்களே ஆபத்து மிகுந்த நாள்கள் என்பதால், "காய்ச்சல்தான் விட்டுவிட்டதே" என்று தாய் கெஞ்சினாலும் ஊசி விடாது. காய்ச்சலில் நீர் வற்றிய உடலில் நரம்பு அகப்படுவது அரிது. பிள்ளை அஞ்சி நடுங்கினால் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி அது இன்னும் அரிதாகும். ஆகவே ஒரு குத்து இரண்டாகும், இரண்டு மூன்றாகும். அழுத பிள்ளைக்கு மேலும் குத்து விழும். குத்து விழுந்த பிள்ளை மேலும் அழும். அந்நாள்களில் நாம் நோயாளரைச் சந்திக்கச் சென்ற மருத்துவமனையின் குழந்தைகள் பகுதிக்கு, காலை ஆறு மணிக்கெல்லாம் வெளித்தெருவிலிருந்தே அந்த அழுகையை வழிகாட்டியாகக் கொண்டு போய்விடலாம்.

எம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் மகனும் அங்கே இருந்தான். அவனுக்கு ஏழு வயது; அடுத்த ஆண்டு புதுநன்மை வாங்க இருந்தவன். தகப்பனார் கேரளத்தில் வேலையாயிருந்தார். தாய் பீடி சுற்றுபவர். தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு வந்து, நான்கு நாள்களாக மகன் பக்கத்திலேயே கிடந்தார். நாம் போன நேரத்தில் இரத்தம் எடுப்பதற்காக ஆய்வுக்கூடப் பணியாளர் தட்டோடு வந்தார். தாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "சாமி, நீங்க பிடிச்சுக்கிடுங்க. என்னால பாக்க முடியாது" என்றார்.

நாம் பிடித்துக்கொண்டோம். சிறுவன் எம் முகத்தைப் பார்த்து, "சாமி, ஊசியா?" என்று கேட்டான். "இல்லப்பா, சும்மா பாக்கத்தான் வந்திருக்காங்க" என்றோம். ரப்பர் பட்டையைக் கையில் கட்டியபோது அவனுக்குத் தெரிந்துவிட்டது. "வலிக்காது, வலிக்காது, எறும்பு கடிக்கிற மாதிரிதான். நீ பெரிய பையன்ல?" என்று சொல்லிக்கொண்டே அவன் தோளையும் முழங்கையையும் கட்டிலோடு அழுத்தினோம். முதல் குத்தில் நரம்பு அகப்படவில்லை. ஊசியை உள்ளுக்குள்ளேயே திருப்பித் தேடினார்கள். மறு கையில் அகப்பட்டது. எல்லாம் முடிந்து பஞ்சை வைத்து முழங்கையை மடக்கிய பிறகு அவன் அழவில்லை. எம்மையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மிக மெதுவாக, "வலிக்காதுன்னு சொன்னியளே, சாமி" என்றான்.

அதற்கு நாம் விடை சொல்லவில்லை. தலையைத் தடவிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டோம். மறுநாள் போனபோது, அவனை ஆசீர்வதிக்கக் கையைத் தூக்கினோம். அவன் தன் இரண்டு கைகளையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். தாய் பதறிப்போய், "ஏல, சாமி வந்திருக்காவ, திரும்புல" என்று அதட்டினார். வேண்டாம் என்று தடுத்தோம். சிலுவை அடையாளம் வரைய உயர்ந்த கையைக் கண்டு ஒரு பிள்ளை தன் கையை ஒளிக்கிறது என்றால், குற்றம் பிள்ளையினுடையது ஆகாது. மறைக்கல்வி வகுப்பில் அவனுக்கு எட்டாம் கட்டளையைக் கற்பித்தவர்களும் நாமே.

இதையெல்லாம் அப்பகுதியின் மூத்த செவிலியர் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஐம்பதை நெருங்கிய அம்மையார். நம் சமயத்தவர் அல்லர். தாழ்வாரத்தில் எம்மை நிறுத்தி, "தப்பா நினைக்காதீய சாமி. பிள்ளைககிட்ட வலிக்காதுன்னு மட்டும் சொல்லாதீய. நீங்க சொல்லிட்டுப் போயிருதீய. நாளைக்கு நாங்கதான் அந்தக் கையைப் பிடிக்கணும்" என்றார். அவமானமாயிருந்தது. ஆனாலும் கேட்டுக்கொண்டோம். "நாளைக்கு நான் எடுக்கையில வந்து பாருங்க" என்றார்.

மறுநாள் பார்த்தோம். அவர் முதலில் தட்டைக் கொண்டு வரவில்லை, வெறுங்கையோடு வந்தார். பையனைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைக்கவில்லை. தாயைக் கட்டிலில் உட்காரச் செய்து, மகனை அவர் மடியில், மார்போடு சாய்ந்திருக்கும்படி அமர்த்தினார். பிறகு உண்மையைச் சொன்னார். "தம்பி, இன்னைக்கும் ஊசி உண்டு. சுள்ளுன்னு இருக்கும். பத்து எண்ணுறதுக்குள்ள முடிச்சிருவேன். உனக்கு எந்தக் கை வேணும்? இதா, அதா?" பையன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. ஆனால் எது என்று சொல்ல வழி இருந்தது. இடக்கையை நீட்டினான்.

பட்டையைக் கட்டிக்கொண்டே அம்மையார் கேட்டார்: "குத்தாலத்துக்குப் போயிருக்கியா நீ? குரங்கு உங்கிட்ட என்னத்தையும் பறிச்சிருக்கா?" அந்தக் கேள்விக்கு விடை இல்லாத பிள்ளை எம் வட்டாரத்தில் கிடையாது. போன சாரலில் அப்பா வாங்கித் தந்த நேந்திரங்காய்ச் சிப்சு ஒரு பொட்டலம், அதைப் பெரிய குரங்கு ஒன்று பறித்தது, அப்பா துண்டை வீசி விரட்டினார், குரங்கு துண்டையும் இழுத்தது. பையன் சொல்லத் தொடங்கிவிட்டான். "குட்டி இருந்துச்சா? வயித்துல ஒட்டிக்கிட்டு இருந்துச்சா, முதுகுலயா?" என்று அம்மையார் இடையிடையே கேட்டார். அது வெறும் தலையாட்டல் அல்ல. நினைத்துப் பார்த்தாலன்றி விடை சொல்ல முடியாத கேள்வி. ஊசி உள்ளே போனபோது, "ஸ்ஸ்..." என்று ஒரு முறை முகத்தைச் சுளித்தான். பிறகு, "வயித்துலதான். அப்புறம் அந்தத் துண்டை மரத்து மேல கொண்டு போயிருச்சு" என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். இரண்டு மில்லி இரத்தம் குழாயில் இறங்கிவிட்டது. மரத்தின் மேல் போன துண்டு என்ன ஆயிற்று என்பதைப் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு முழுதும் கேட்டு முடித்த பிறகே அம்மையார் எழுந்தார்.

"எங்க படிச்சீங்க இதை?" என்று கேட்டோம். "இதையெல்லாம் யாரு சொல்லித் தாரா சாமி? இருபது வருசமாப் பிள்ளைக அழுகையைக் கேட்டுப் படிச்சதுதான்" என்றார்.

பின்னர் நாம் இதைப்பற்றித் தேடிப் படித்தோம். அம்மையார் அனுபவத்தால் கண்டதை அறிவியலார் ஆய்வுகளால் கண்டிருக்கிறார்கள். 1965-இல் கனடிய உளவியலறிஞர் ரொனால்டு மெல்சாக்கும் பிரித்தானிய நரம்பியலறிஞர் பாட்ரிக் வாலும் ஒரு கருத்தை வெளியிட்டார்கள். உடலில் பட்ட காயத்தின் செய்தி அப்படியே மூளைக்குப் போய்ச் சேர்வதில்லை. தண்டுவடத்தில் அதற்கு ஒரு வாயில் உண்டு. அவ்வாயில் திறப்பதும் ஒடுங்குவதும் உண்டு. அடிபட்ட இடத்தைத் தேய்த்தால் நோவு குறைவது அதனால்தான். மூளையிலிருந்து கீழே இறங்கி வரும் ஆணைகளும் அவ்வாயிலை ஒடுக்க வல்லவை. ஆகவே மனம் எதில் நிற்கிறது என்பதைப் பொறுத்து வலியும் கூடும், குறையும். பிற்கால ஆய்வுகள் அக்கருத்தின் நுட்பங்களைப் பலவாறு திருத்தியிருக்கின்றன. ஆயினும் வலி என்பது குத்தின் ஆழத்தை மட்டும் காட்டும் அளவுகோல் அன்று என்ற அதன் அடிப்படை நிலைத்துவிட்டது.

இதை விளங்கிக்கொள்ள எம் மக்களுக்குக் கனடா வரை போகத் தேவையில்லை. ஆனி, ஆடியில் குற்றாலப் பேரருவியின் கீழே போய் நின்று பார்த்தாலே போதும். கருங்கல் போல நீர் தோளில் விழுகிறது. தலையில் ஓயாமல் குட்டுகிறது. மூச்சு முட்டுகிறது. குளிர் எலும்பில் ஏறுகிறது. வேறு எங்காவது ஒருவர் நம் முதுகில் அப்படி அடித்தால் காவல் நிலையத்திற்குப் போவோம். அங்கேயோ பிள்ளைகள் கத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். வெளியே இழுத்து வந்தால் மறுபடியும் உள்ளே ஓடுகிறார்கள். ஊசிமுனை பட்டால் ஊரைக் கூட்டும் பிள்ளை, அருவியின் அடியை எப்படிச் சிரித்துக்கொண்டு வாங்குகிறது? அப்பாவின் கை தன் கையைப் பற்றியிருக்கிறது. வேண்டாம் என்றால் ஓரடி நகர்ந்து வெளியே வந்துவிடலாம். யாரும் பொய் சொல்லி உள்ளே அழைத்து வரவில்லை. கண்ணும் காதும் தோலும் கொள்ளாத அளவுக்கு வேறு எத்தனையோ நிறைந்திருக்கின்றன. அந்தச் செவிலியர் கட்டிலருகே செய்து காட்டியவையும் இவையே: தாயின் மடி, கையைத் தெரிந்துகொள்ளும் உரிமை, உண்மை, ஒரு குரங்கின் கதை.

பேரருவியில் இன்னொன்றும் உண்டு. மலையுச்சியிலிருந்து விழும் நீர் நேராக மனிதர் தலையில் விழுவதில்லை. இடையில் பொங்குமாகடல் என்று பெயர் பெற்ற ஆழமான பாறைப்பள்ளம் ஒன்று அதைத் தாங்கிக்கொள்கிறது. நீர் அதில் விழுந்து, பொங்கி, வேகம் தணிந்து, பிறகே நம்மேல் வழிகிறது. அப்பள்ளம் இல்லையென்றால் பேரருவியில் எவரும் நின்று குளிக்க முடியாது. பொங்குமாகடல் அருவியை மறைப்பதில்லை, நிறுத்துவதும் இல்லை. நாம் தாங்கும் அளவுக்கு அதை இறக்கித் தருகிறது. பிள்ளையின் வலிக்கும் பிள்ளைக்கும் நடுவே பெரியவர்கள் இருக்க வேண்டிய இடம் அதுவே என்று எமக்குத் தோன்றுகிறது.

பிள்ளைகளின் வலியை உலகம் ஒத்துக்கொள்ளவே நெடுநாள் ஆயிற்று. பச்சைக் குழந்தையின் நரம்பு மண்டலம் முதிராதது, அதற்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்று மருத்துவர்களே நம்பிய காலம் இருந்தது. 1980-கள் வரையிலும் மேலைநாடுகளின் பெரிய மருத்துவமனைகளில்கூடக் குறைமாதக் குழந்தைகளுக்குப் போதிய வலிநீக்க மருந்தின்றி அறுவை மருத்துவம் செய்தார்கள். அதை மாற்றியவர்களுள் முதன்மையானவர் இந்தியாவில் மருத்துவம் பயின்று ஆக்ஸ்போர்டுக்குச் சென்ற கன்வல்ஜீத் ஆனந்த். வலிநீக்க மருந்து பெற்ற குழந்தைகள் அறுவைக்குப் பின் நன்கு தேறினார்கள், பெறாதவர்களுக்குச் சிக்கல்கள் மிகுந்தன என்று அவரும் அவருடன் உழைத்தவர்களும் 1987-இல் எடுத்துக்காட்டினார்கள். பேச வாயில்லாத உயிரின் அழுகையை ஒருவர் நம்பியதால் உலக வழக்கம் மாறிற்று.

ஊசி வலியைப் பற்றியும் இன்று தெளிவு பிறந்திருக்கிறது. உலக நல நிறுவனம் 2015-இல் தடுப்பூசி வலியைக் குறைக்கும் வழிகளைப்பற்றித் தன் பரிந்துரைகளை வெளியிட்டது. கைக்குழந்தைக்கு ஊசி போடும்போது தாய் பால் கொடுக்கலாம்; பிள்ளையைப் படுக்க வைத்து அழுத்தாமல் பெற்றவர் நிமிர்த்தி அணைத்துக்கொள்ள வேண்டும்; ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பராக்குக் காட்ட வேண்டும்; பொய்யான ஆறுதல்களைச் சொல்லக்கூடாது. 2 முதல் 19 வயது வரையுள்ள 5,550 பேரை உள்ளடக்கிய 59 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி ஆராய்ந்த ஓர் அறிக்கை 2018-இல் வெளிவந்தது. பராக்குக் காட்டுதல் ஊசி வலியையும் அச்சத்தையும் குறைக்கக்கூடும் என்பது அதன் முடிவு. ஆய்வுகளின் தரம் இன்னும் உயர வேண்டும் என்றும் அவர்கள் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்கள்.

இத்தாலியின் சியன்னா நகரில் நடந்த ஓர் ஆய்வு எமக்குச் சிரிப்பையும் சிந்தனையையும் ஒருங்கே தந்தது. இரத்தம் எடுக்க வந்த 7 முதல் 12 வயது வரையுள்ள 69 பிள்ளைகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஒன்றும் செய்யவில்லை. இன்னொரு குழுவின் பிள்ளைகளுக்குத் தாய்மாரே பேச்சுக் கொடுத்து மனத்தைத் திருப்பினார்கள். மூன்றாம் குழுவுக்குத் தொலைக்காட்சியில் கேலிச்சித்திரப் படம் காட்டினார்கள். வலி மிகக் குறைவாக இருந்தது படம் பார்த்தவர்களுக்கே. 2006-இல் இது வெளிவந்தது. தாயின் அன்பைவிடத் தொலைக்காட்சி பெரியதா என்று சினம் கொள்ள வேண்டாம். தாயின் வாய் கதை சொல்லும்போது கண் ஊசியைப் பார்த்துக்கொண்டிருக்கும். பிள்ளை கதையைக் கேட்காது, கண்ணைப் படிக்கும். "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்று பெரியவர்கள் திரும்பத் திரும்பத் தேற்றினால் பிள்ளையின் தவிப்பு கூடுகிறது என்று வேறு ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. ஒன்றுமில்லாததற்கு எவரும் அத்தனை முறை ஒன்றுமில்லை என்று சொல்ல மாட்டார்கள் என்பது பிள்ளைக்குத் தெரியும்.

இவ்விடத்தில் குருமடத்தில் படித்தது எம்மை விடுவதாயில்லை. பொய்யைப்பற்றித் தூய அகுஸ்தினார் இரண்டு நூல்களை எழுதினார். எந்தப் பொய்யும் ஆகாது என்பது அவர் துணிபு. சாகக் கிடக்கும் தந்தை, தன் மகனின் நலம் கேட்கிறார், மகனோ இறந்துவிட்டான், உண்மையைச் சொன்னால் தந்தையின் உயிர் போய்விடும், என்ன செய்வது? அந்தக் கேள்வியின் முன் அகுஸ்தினாரின் நெஞ்சே தடுமாறியதை அவர் மறைக்கவில்லை. ஆனாலும் தம் துணிபை விடவில்லை. இதைப் படித்தபோது எமக்கு இருபத்தைந்து வயது. கல்நெஞ்சக்காரர் என்று எண்ணிக்கொண்டோம். ஏழு வயதுப் பையன் ஒருவன் கையைப் போர்வைக்குள் ஒளித்த அன்றுதான் அவர் எதைக் காக்க நினைத்தார் என்பது விளங்கிற்று. நாம் சொன்ன பொய் அவன் வலியில் ஓர் அணுவையும் குறைக்கவில்லை. எம் சங்கடத்தையே குறைத்தது. விலையை அவன் கொடுத்தான்.

அப்படியானால் பராக்குக் காட்டுவதும் ஏமாற்றுதானே என்று ஒரு கேள்வி எழலாம். நாமும் பல நாள் அதைச் சிந்தித்தோம். ஏமாற்றுகிறவர் இருப்பதை இல்லை என்கிறார். பராக்குக் காட்டுகிறவர் இருப்பதை ஒத்துக்கொண்டு, அதோடு வேறொன்றும் இருக்கிறது என்று காட்டுகிறார். ஊசியும் உண்டு, குரங்கும் உண்டு, இரண்டும் மெய். எதைப் பார்ப்பது என்பதைப் பிள்ளையின் கையில் விடுகிறார். சில பிள்ளைகள் ஊசி நுழைவதைப் பார்த்தே தீருவேன் என்பார்கள். பார்த்தால்தான் அவர்களுக்கு அச்சம் அடங்கும். அவர்களைத் திருப்பக்கூடாது, பார்க்க விட வேண்டும்.

துன்பம் புனிதமானது, பிள்ளைகளும் தாங்கிப் பழகட்டும் என்று சொல்லும் பக்தர்களும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு ஒன்றை நினைவூட்டலாம். கல்வாரியில் வெள்ளைப்போளம் கலந்த திராட்சை மதுவை ஆண்டவர் ஏற்கவில்லை என்று மாற்கு நற்செய்தி சொல்கிறது. அது அவர் தமக்கென எடுத்த முடிவு. தம்மிடம் வந்து கதறிய எந்த நோயாளியிடமும், தாங்கிக்கொள் என்று சொல்லி அவர் திருப்பியனுப்பியதில்லை. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957 பிப்ரவரியில் மயக்கமருந்து மருத்துவர்களிடையே பேசியபோது, வலியை நீக்குவது கிறிஸ்தவ நெறிக்கு மாறானதன்று என்று தெளிவுபடுத்தினார். தன் துன்பத்தை ஒப்புக்கொடுக்க ஒருவருக்கு உரிமை உண்டு. அடுத்தவர் பிள்ளையின் துன்பத்தை ஒப்புக்கொடுக்க எவருக்கும் உரிமையில்லை.

அந்த ஆண்டின் காய்ச்சல் ஓய்ந்த பிறகு, பங்கின் இளையோரோடு சேர்ந்து ஒரு சிறு வேலையைத் தொடங்கினோம். ஒரு தகரப்பெட்டி. அதில் பனையோலைக் காற்றாடிகள், குற்றாலக் கடைகளில் விற்கும் சோப்புக்குமிழிக் குப்பிகள், கலைடாஸ்கோப் ஒன்று, ஒளித்து வைத்த உருவங்களைக் கண்டுபிடிக்கும் படங்கள். காற்றாடிகளை எம் ஊர்ப் பிள்ளைகளே செய்தார்கள். ஓலையை மடித்து உடைமுள்ளில் குத்தினால் காற்றாடி. முள்ளின் மேல்தான் அது சுழல்கிறது என்பதைப் பிறகுதான் கவனித்தோம். காற்றாடியைச் சுழற்ற ஊத வேண்டும், ஊதுகிற பிள்ளை மூச்சை இறுக்கிப் பிடிப்பதில்லை, கை தளர்கிறது, நரம்பு அகப்படுகிறது. பெட்டியை மருத்துவமனையின் இசைவோடு அந்த அம்மையாரின் பொறுப்பில் வைத்தோம். எல்லாப் பிள்ளைகளும் அழுகையை நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னால் அது எம் இரண்டாவது பொய்யாகும். மிகச் சிலருக்கு எதுவும் உதவவில்லை. திறமையான கைக்கும், தோலை மரக்கச் செய்யும் களிம்புக்கும் காற்றாடி ஈடாகாது. அந்தக் களிம்பு வேலை செய்ய ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிடிக்கும். கூட்டம் நெருக்கும் நாளில் அவ்வளவு நேரம் காத்திருக்க முடிவதில்லை. காற்றாடிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

இன்று ஒவ்வொரு தாயின் கையிலும் கைப்பேசி இருக்கிறது. பெட்டிக்கு வேலை குறைந்துவிட்டது. அதில் படம் ஓடினால் பிள்ளை ஊசியை மறப்பது உண்மைதான். ஆனால் படத்தைப் பிள்ளையின் கையில் திணித்துவிட்டுப் பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால், அவன் தனியே விடப்படுகிறான். படம் ஓடட்டும், "இப்ப யாரு ஓடுதா? பிடிச்சிட்டானா?" என்று கூடவிருந்து ஒருவர் கேட்கவும் வேண்டும். மடியும் குரலும் பழைய பொருள்கள் ஆகிவிடவில்லை.

அந்தச் சிறுவனிடம் நாம் மன்னிப்புக் கேட்டோமா என்று வாசகர் கேட்கலாம். கேட்டோம். அவன் வீட்டுக்குத் திரும்பும் நாளில் கட்டிலருகே முழங்காலளவுக்குக் குனிந்து, "வலிக்காதுன்னு நாங்க சொன்னது தப்பு. உனக்கு வலிச்சிருக்கு" என்றோம். அவன் சற்று நேரம் எண்ணினான். "ரெண்டு தடவ வலிச்சுது" என்று திருத்தினான். பிறகு போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து, நீலம் பாரித்திருந்த இடங்களை எமக்கு ஒவ்வொன்றாகக் காட்டினான். அதற்குமேல் ஒரு பாவப்பொறுத்தல் எமக்குத் தேவைப்படவில்லை.

இப்போது எமக்கும் ஐம்பது கடந்து, சர்க்கரைக்காக மூன்று மாதத்திற்கொரு முறை கையை நீட்ட வேண்டியிருக்கிறது. சென்ற முறை தென்காசியில் ஓர் ஆய்வுக்கூடத்தில், எம் மருமகள் வயதுள்ள பெண் பட்டையைக் கட்டியபடி, "சாமி, நீங்க எந்தப் பங்கு? அங்க திருவிழாவுக்குச் சப்பரம் இன்னும் தோள்லதான் தூக்குதாவளா?" என்று கேட்டாள். சப்பரத்தைப்பற்றி விளக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். "முடிஞ்சுது, சாமி. பஞ்சை அமுக்கிக்கிடுங்க" என்றாள். ஊசி நுழைந்தது தெரியவேயில்லை. எமக்கே பராக்குக் காட்டிவிட்டாள்!

பூசையில் பராக்காயிருந்தேன் என்று இனி எந்தப் பிள்ளை வந்து சொன்னாலும், முன்போல் நீண்ட புத்திமதி சொல்வதாக இல்லை. "உன் வீட்டில் சின்னப் பிள்ளை யாராவது அழுதால் ஓடிப்போய்ப் பராக்குக் காட்டு" என்பதையே தபசாகக் கொடுப்பதாக உத்தேசம். ஒரு நிபந்தனையோடு: வலிக்கும் என்றால், வலிக்கும் என்று முதலில் சொல்லிவிட வேண்டும்.